நீ பாத்தது பேய் இல்ல மாப்ள

மாப்ள,

உன் வாய்ஸ் நோட்டுக்குப் பதில் போடலன்னு கடுப்புல இருப்ப, திட்டிக்கோ. அவ்ளோ நீளத்துக்கு நீ பேசிருக்க, அதுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மைய அனுப்பிட்டுப் போக மனசு வரல, உக்காந்து எழுதணும்னே தள்ளிப் போயிருச்சு. வீட்ல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பாப்பா நடக்குறா, நடக்குறான்னா ஓடுறா. நம்ம கப்பல் பயலுக்கு அதே ஆபீஸ், அதே மேனேஜர், அதே புலம்பல். நம்ம ஒட்டடை பயலுக்கு ஆவணில கல்யாணம், அதப் பத்தி கடைசில சொல்றேன்.

நான் கஞ்சாவ விட்டுட்டேன்டா. பொங்கலுக்கு முன்னாடியே. ஞானோதயம்லாம் ஒரு மண்ணும் இல்ல, இங்க பெங்களூர்ல வீடு மாத்துனோம், புது வீட்ல பால்கனி கெடையாது, மாடிக்கு அசோசியேஷன் செக்ரட்டரி பூட்டு போட்டு சாவிய இடுப்புல சொருகிட்டுத் திரியிறாரு, பாப்பா எங்க போனாலும் பின்னாடியே வர்றா, எங்கதான் போய் இழுக்குறது? புத்தரு போதி மரத்தடில விட்டாரு, நான் பால்கனி இல்லாம விட்டேன். கப்பல்கிட்ட சொன்னேன், "எத்தனாவது தடவ"ன்னு கேட்டான் நாயி.

இத நான் பெருமைக்கு எழுதல. உன் வாய்ஸ் நோட்ல ஒரு எடம் இருக்கு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். விட்டுப் பாத்தேன், தூக்கம் சுத்தமா இல்ல, விடியக்காலைல கண்ணு அசந்தா படம் படமா வருது, செத்துப்போன நம்ம குட்டி வந்து கட்டில் பக்கத்துல நின்னான், எனக்கு மண்டை கழண்டுருச்சுன்னு பயந்து மறுநாளே கஞ்சா போட்ட ஜெல்லி மிட்டாய், அந்த கம்மிய வாங்கிட்டேன், இது எனக்கு மருந்துடான்னு சொன்னியே, அந்த எடம். அப்ப பதில் சொல்ல எனக்கு விஷயம் தெரியாது. இப்ப கொஞ்சம் தெரியும், ஏன்னா அச்சு அசலா அதே ராத்திரிகள நானும் பாத்துட்டேன்.

மொத வாரம் நரகம்டா. மூணு மணிக்கு எந்திரிச்சு ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன், பனியன் பிழியிற அளவுக்கு வேர்வை, சோறு எறங்கல, பொண்டாட்டி ஏதாவது கேட்டா வள்ளுன்னு விழுவேன். கனவுன்னா சும்மா கனவா? எக்ஸாம் ஹால்ல உக்காந்துருக்கேன், தெர்மோடைனமிக்ஸ் பேப்பர், கேள்வி பூரா கன்னடத்துல இருக்கு, முன்னாடி பெஞ்சுல கப்பல் வாழையிலைய விரிச்சு பரோட்டா பிச்சுப் போட்டு சால்னா ஊத்திட்டு இருக்கான், வார்டன் லுங்கியோட வந்து என் ஹால் டிக்கெட்டக் கேக்குறாரு, பாக்கெட்டுல கைய விட்டா பொட்டலம் வருது. எந்திரிச்சப்புறமும் சால்னா வாசம் மூக்குல இருந்துச்சு, சத்தியமா. வருஷக்கணக்கா கனவுன்னு ஒண்ணு ஞாபகத்துல நின்னதே இல்ல எனக்கு, திடீர்னு ராத்திரிக்கு நாலு படம் ஓட்டுனா மனுஷன் என்ன ஆவான்?

பயந்துபோய் இங்க ஒரு ஆஸ்பத்திரில போதை மறுவாழ்வு ஓபில போய் நின்னேன். அந்த டாக்டரம்மா நான் எதிர்பார்த்த மாதிரி அட்வைஸ் எதுவும் பண்ணல. மொதக் கேள்வியே, புகையிலையோட கலந்து அடிச்சீங்களா, தனியாவா. கலந்துதான்னேன். அப்ப ரெண்டையும் ஒண்ணா விட்டுருக்கீங்க, நிக்கோட்டின் விட்டாலும் தூக்கம் கெடும், கனவு கன்னாபின்னான்னு வரும், ரெண்டும் சேந்து படுத்துதுன்னாங்க. அடுத்து "கனவு வருதா?"ன்னு கேட்டாங்க பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. நான் சொல்லாமயே ஒரு ஆளு கேக்குறாங்கன்னா இது என் மண்டைல மட்டும் நடக்குற விஷயம் இல்லன்னு தான அர்த்தம்?

அவங்க சொன்னதையும் அதுக்கப்புறம் தூக்கம் வராத ராத்திரிகள்ல நான் தேடிப் படிச்சதையும் சேத்துச் சொல்றேன், கேளு. நம்ம தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேர சுத்து சுத்தா போகுது. ஒவ்வொரு சுத்துலயும் கண்ணு மூடுன எமைக்குள்ள உருண்டு ஓடுற ஒரு கட்டம் வரும், ரெம்னு சொல்றாங்க, அதத்தான் 1953ல சிகாகோல அசெரின்ஸ்கி, கிளைட்மன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க. பளிச்சுனு கதையா வர்ற கனவுல முக்காவாசி அந்தக் கட்டத்துலதான். விடியவிடிய அது நீண்டுக்கிட்டே போகும், அதான் காலைல நாலு மணிக்கு மேல வர்ற கனவு அவ்ளோ கெட்டியா இருக்கு. கஞ்சால போதை ஏத்துற சரக்கு டிஹெச்சின்னு ஒண்ணு, அது இந்தக் கட்டத்தப் போட்டு அமுக்குது. ஆரம்பத்துல சட்டுனு தூங்க வைக்கும், வாஸ்தவம், ஆனா நாள்பட நாள்பட அந்தத் தூங்க வைக்கிற பவரு கொறஞ்சு போகுது, அளவு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. ஒனக்கே தெரியும், உங்க கனடா சட்டப்படி கம்மி பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம்தான், மொதல்ல பாதி கம்மிக்கே மட்டையானவன் இப்ப ராத்திரிக்கு எத்தன பாக்கெட்டு பிரிக்கிற?

விட்டவுடனே என்ன நடக்குதுன்னா, அமுக்கி வச்சது எல்லாம் எகிறிட்டு வருது. 1960ல நியூயார்க்ல வில்லியம் டிமென்ட்ங்கிற டாக்டரு தூங்குற ஆளுங்கள கனவு ஆரம்பிக்குற நேரம் பாத்து எழுப்பி எழுப்பி விட்டுருக்காரு, பாவம் அவனுங்க. அப்புறம் நிம்மதியாத் தூங்குங்கடான்னு விட்டா, வழக்கத்த விட அதிக நேரம் கனவு கண்டானுங்களாம். கஞ்சாவ வச்சும் 1970கள்ல ஃபைன்பெர்க்னு ஒருத்தரு பாத்தாரு, டிஹெச்சி குடுத்தா தூக்கத்துல கண்ணு உருள்றது கொறையுது, நிறுத்துனா பழைய அளவையும் தாண்டிப் போகுது. நம்ம பாஷைல சொன்னா அரியர்டா. வருஷக்கணக்கா எழுதாம விட்ட பேப்பர எல்லாம் ஒரே வாரத்துல எழுதச் சொல்றான். ஒனக்கா அரியர் புதுசு?

இதுல ஒரு பொறி இருக்கு, நீ சிக்குனது அதுலதான், நானும் முன்னாடி ஒவ்வொரு தடவையும் அங்கதான் விழுந்துருக்கேன். விட்டா தூக்கம் கெடுது, பழையபடி போட்டா தூக்கம் வருது, அப்ப இது மருந்துதான்னு தோணுது. அந்தத் தூக்கத்தக் கெடுத்ததே அதுதான்னு அந்த நேரத்துல புத்திக்கு எட்டாது. மூணு நாள்ல முடிவு பண்ணேன்னு சொல்றியே, மூணு நாள்தான்டா இருக்குறதுலயே மோசமான எடம். டிஹெச்சி கொழுப்புல ஊறி மெதுவா எறங்குற சாமான், அதனால ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் விட்ட வேதனை தலைகாட்டும், மொத வாரத்துல உச்சிக்குப் போகும், எரிச்சல், பசியின்மை எல்லாம் ரெண்டு வாரத்துல முக்காவாசி அடங்கிரும். தூக்கமும் கனவும் மட்டும் ஒரு மாசம், சில பேருக்கு அதுக்கு மேலயும் இழுக்கும். இதெல்லாம் யாரோ கெளப்பி விட்டது இல்ல, 2013ல வந்த அமெரிக்க மனநல டாக்டருங்களோட கையேடு டிஎஸ்எம்-5ல கஞ்சா விட்டா வர்ற பிரச்சனைகள்னு போட்டு, அதுல தூக்கமின்மையையும் மோசமான கனவையும் சேத்தே எழுதிருக்கான். அதுக்கு முந்துன பதிப்புல அந்த நோயே கெடையாது. அப்புறம் என்ன, கஞ்சாவ விட்டா ஒண்ணுமே ஆகாதுன்னு ஹாஸ்டல்ல பாய் அடிச்சு விட்டத நாம நம்புனோம்ல, பெரிய பெரிய டாக்டருங்களே நம்பிட்டுத்தான் இருந்துருக்காங்க.

நல்ல சேதியும் ஒண்ணு படிச்சேன். தினமும் இழுக்குறவன் மூளைல டிஹெச்சி போய் ஒட்டுற ஏற்பிகள் கொறஞ்சு போகுதாம், ஸ்கேன் பண்ணிப் பாத்துருக்கானுங்க. விட்டு ரெண்டு நாள்லயே அது திரும்ப ஏற ஆரம்பிச்சு நாலு வாரத்துல கிட்டத்தட்ட மத்தவங்க அளவுக்கு வந்துருது. அந்த ரெண்டாவது நாளுக்கும் நாலாவது வாரத்துக்கும் நடுவுல நாம பல்லக் கடிச்சுட்டு இருக்கணும், அவ்ளோதான் மேட்டர். சொல்றது ஈசி.

இப்ப குட்டி விஷயம். இத போன்ல பேச எனக்குத் தைரியம் இல்ல, அதான் எழுதுறேன். அவன் போனப்புறம் தான நாம ரெண்டு பேரும் சனிக்கிழமைல இருந்து தினசரிக்கு மாறுனோம்? நீ அதச் சொன்னதே இல்ல, நானும் சொன்னதில்ல. எனக்கும் வந்தான்டா. திருமங்கலம் ரோட்டுல அதே பச்ச சட்டையோட வண்டியத் தள்ளிக்கிட்டு, மூஞ்சிய என் பக்கம் திருப்பாமயே. நான் கத்துனதுல பாப்பா முழிச்சு அவளும் கத்தி, வீடே எந்திரிச்சுருச்சு. உங்கூட பேசிருந்தா அன்னைக்கே பொட்டலத்தத் தேடிப் போயிருப்பேன்.

டாக்டரம்மா ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. பகல்ல உக்காந்து கெட்ட கனவ எழுது, எந்த எடத்துல வேணாலும் ஒன் இஷ்டத்துக்கு மாத்து, மாத்துன கதைய தெனமும் ஒரு பத்து நிமிஷம் கண்ண மூடி ஓட்டிப் பாருன்னாங்க. சிரிப்புதான் வந்துச்சு, ஆனா விபத்து, வன்கொடுமைன்னு பெரிய பெரிய அடி வாங்குனவங்களுக்கே இதத்தான் குடுக்குறாங்களாம், ஆராய்ச்சிலயும் கெட்ட கனவு கொறஞ்சதா வந்துருக்கு. பாப்பாவோட டிராயிங் நோட்டுல எழுதுனேன். குட்டி வண்டியத் தள்ளிட்டுப் போறான், பெட்ரோல் இல்ல, அவ்ளோதான், திரும்பிப் பாத்து "நூறு ரூவா இருக்காடா"ங்குறான். நான் குடுக்குறேன். அதே மாதிரி கனவு வந்துச்சான்னா, இல்ல. ஒரு தடவ கூட வரல. ஆனா அந்த ரோடும் இப்ப அவ்ளவா வர்றதில்ல. போன மாசம் வந்தப்ப மெஸ்ல உக்காந்து என் ஆம்லெட்டப் புடுங்கித் தின்னான், நான் அவன் மண்டைல தட்டுனேன். எந்திரிச்சு ரொம்ப நேரம் உக்காந்துருந்தேன் மாப்ள. கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா பயமா இல்ல. பொகையப் போட்டு நான் அவனையும் சேத்துல்ல வெளிய நிறுத்தி வச்சுருந்துருக்கேன்னு இருந்துச்சு.

நீ வாதாடுவன்னு தெரியும். உங்க கனடாலயே கெட்ட கனவுக்கு நபிலோன்னு மாத்திரை குடுக்குறாங்களே, அதுவும் டிஹெச்சி மாதிரி செஞ்சதுதானேம்ப. ஆமாடா, போர்ல மனசு அடிபட்டு வந்தவங்களுக்குக் குடுக்குறாங்க, ஒன் வாதம் முழுப்பொய் இல்ல. ஆனா அதுல ஒரு டாக்டர் அளவு சொல்லி, பாத்து, எப்ப நிறுத்தணும்னு யோசிக்கிறாரு. நீ கேஷ் கவுன்டர்ல நிக்கிற பையன் சொன்னான்னு வாங்குற. தூக்கத்துக்குன்னே சிபிஎன்ங்குற இன்னொரு கஞ்சா சரக்கு போட்டதுன்னு ஒண்ணக் காட்டுனியே, அதுக்கு இருக்குற விளம்பர அளவுக்கு ஆராய்ச்சி இல்ல. குட்டி கனவு உண்மைலயே தாங்கலன்னா அத ஒரு டாக்டர்கிட்ட சொல்லு, அங்க சட்டப்படி ஓகேங்குறப்ப ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? இங்க நான் ஓபில சீட்டு வாங்கவே முகத்துல கர்ச்சீப் கட்டிட்டுப் போனேன். மாப்ள, கல்யாணத்துக்கு வர்றப்ப அந்த கம்மி டப்பாவ பைல போட்டுட்டு வந்து தொலைக்காத, பில் இருக்குன்னு ஏர்போர்ட்ல நீட்டுனா இங்க 1985 போதைப்பொருள் சட்டத்துல தூக்கி உள்ள வச்சுருவான், தாலி கட்டுற நேரத்துல ஒட்டடை ஒன்ன ஜாமீன்ல எடுக்க அலையணும்.

திரும்ப விட்டுப் பாத்தேன்னா சிலது சொல்றேன். ஒரேயடியா நிறுத்தாத, டாக்டர்கிட்ட பேசி படிப்படியா கொற. அதுக்குப் பதிலா பீரப் புடிச்சுராத, சாராயமும் இதே ரெம்மத்தான் அமுக்கும், கொஞ்ச நாள்ல அதையும் விட வேண்டி வரும். அந்த மொத வாரத்துல டிரக் ஓட்டாத, லீவு சொல்லு, தூங்காதவன் கைல அவ்ளோ பெரிய வண்டி வேணாம். கனவுல நீ இழுத்துட்டு எந்திரிப்ப பாரு, அதுக்கு பயந்துராத, எனக்கும் வந்துச்சு, எந்திரிச்சு வெரல மோந்து பாத்தேன், பாப்பாவோட பவுடர் வாசம்தான் அடிச்சுச்சு. விட்டவங்க நெறைய பேருக்கு வர்றதுதானாம்.

நான் முழுசா தேறிட்டேன்னு நெனைக்காத. இப்பவும் சில ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், டூத்பேஸ்ட் வாங்கப் போறப்பக் கூட அந்தப் பழைய சந்து கண்ணுல படும்.

ஒட்டடை கல்யாணம் உசிலம்பட்டில, பொண்ணு வீட்டு மண்டபம். கப்பல் இப்பவே பந்தில எந்த வரிசைல உக்காரணும்னு பிளான் போட்டுட்டான். டிக்கெட் வெல ஏறதுக்குள்ள போடு.

அப்புறம் இன்னொண்ணு, ஒனக்கு அங்க தூக்கம் வராத ராத்திரி ரெண்டு மணின்னா எனக்கு இங்க பகல் பதினொன்றரை, மேனேஜர் மீட்டிங்ல இருப்பான், நான் கீழ டீக்கடைல நிப்பேன். வாய்ஸ் நோட் அனுப்பாத, போனப் போடு. குட்டி வந்தாலும் சரி, வார்டன் வந்தாலும் சரி, கூப்புடு.

இப்படிக்கு,
ஹால் டிக்கெட் தொலைச்சவன்