நிக்கோலஸ் பிடில் வெறும் வில்லனா?
ஆசிரியருக்கு,
அமெரிக்காவின் இரண்டாம் தேசிய வங்கி நீடிக்கலாமா கூடாதா என்று 1830களில் நடந்த ‘வங்கிப் போர்’ பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அந்த வங்கியின் தலைவர் நிக்கோலஸ் பிடிலை வில்லனாகவே காட்டிவிட்டது. 1832இல் வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை அதிபர் ஜாக்சன் நிராகரித்தார். அடுத்த ஆண்டு அரசுப் பணமும் கைநழுவத் தொடங்கியதும் பிடில் கடனை இறுக்கி வியாபாரிகளைத் திணறடித்தார். தப்புதான், சரி. ஆனால் 1810இல் பென்சில்வேனியா சட்டமன்றத்துக்குப் போன இளைஞர் பிடில், பொதுக்கல்விக்காக வாதாடியவர். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக் குறிப்புகளை நூலாக்க உழைத்தவரும் அவரே. இதற்கெல்லாம் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பிலடெல்பியா போயிருந்தபோது செஸ்ட்நட் தெருவில் அவருடைய வங்கிக் கட்டடத்தைப் பார்த்தேன். கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள். பணம் புழங்கிய இடம் இன்று ஓவியக்கூடம். பிடிலின் சட்டமன்றக் காலத்தைப் பற்றி இன்னொரு கட்டுரை வெளியிடலாமே.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை