தலைவர் சம்பளத்த தலைவரே போட்டுக்கிட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜப்பான் கார் கம்பெனி நிசானுக்கு நஷ்டம், ஆள் குறைப்புன்னு வணிகப் பக்கத்துல வர்றப்பெல்லாம் சைனா வண்டி போட்டி, அமெரிக்க வரின்னு தான் காரணம் போடுறீங்க. தப்பில்ல, ஆனா பாதிக் கதை தான். அம்பத்தூர்ல சின்னதா லேத் பட்டறை வச்சு கார் பார்ட்ஸுக்கு ஜாப் ஒர்க் பண்றவன் நான், மீதிய சொல்லலாம்னு எழுதுறேன்.

நிசான் தலைவரா இருந்த கார்லோஸ் கோன 2018 நவம்பர்ல டோக்கியோல புடிச்சதும், ஜாமீன்ல இருந்தவர் 2019 டிசம்பர் கடைசில பெட்டிக்குள்ள ஒளிஞ்சு லெபனானுக்குப் பறந்ததும் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெட்டிக் கதையவே பேசிப் பேசி முக்கியமான ஒண்ண விட்டுட்டோம். டைரக்டருங்க ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ சம்பளம்னு முடிவு பண்ற அதிகாரத்த, டைரக்டருங்க சேர்ந்த போர்டே அவர் கையில குடுத்திருந்துச்சு, அவரோட சொந்த சம்பளமும் அதுல சேர்த்தி! நம்ம வவுச்சர நாமளே எழுதி நாமளே பாஸ் பண்ற மாதிரி. அவருக்கான பணத்துல 14 கோடி டாலருக்கு மேல கணக்குல காட்டலன்னு அமெரிக்க பங்குச் சந்தைய கண்காணிக்கற எஸ்இசி 2019-ல சொல்லுச்சு, நிசான் ஒன்றரை கோடி டாலர் அபராதம் கட்டி கேஸ முடிச்சுது. கோன் இன்னைக்கும் இது சதின்னு தான் சொல்றார், அது வேற விஷயம்.

சம்பளத்தையே கேள்வி கேக்காத போர்டு பிளான மட்டும் கேட்டிருக்குமா? 2011-ல 'பவர் 88'னு ஒரு பிளான், உலக மார்க்கெட்ல 8 சதவீதம், லாபமும் 8 சதவீதம். நம்பர் வரணும்னு அமெரிக்கால தள்ளுபடிய அள்ளி விட்டாங்க, வண்டி போச்சு, லாபம் நிக்கல. இங்க ஒரகடத்துல வருஷம் 4 லட்சம் வண்டி போடற பிளான்ட்ட கட்டி, டாட்சன்ங்கற பழைய பேர தூசி தட்டி 2014-ல இறக்கினாங்க, 2022-ல மூட்டை கட்டியாச்சு.

இந்த நம்பர் ஆசை எங்க வரைக்கும் வரும்னு எனக்குத் தெரியும். வேற ஒரு கம்பெனி, பேரு வேண்டாம், மாசம் 6000 பீஸ் எடுப்போம்னு சொல்லி ஃபிக்சர் (பார்ட்ட மெஷின்ல புடிச்சு வைக்கற அமைப்பு) போட வச்சாங்க, வந்த ஆர்டர் 1800 தான். கடன் வாங்கிப் போட்ட ஃபிக்சர் மூலைல துரு புடிச்சுக் கிடக்கு, வட்டி மட்டும் கரெக்டா ஓடுது.

கமிட்டி போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரல. 2019 ஜூன்ல நிசான்லயும் நியமனம், சம்பளம், ஆடிட்னு மூணு கமிட்டி போட்டு வெளி ஆளுங்கள மெஜாரிட்டி ஆக்கினாங்க. ஆனா 2020 மார்ச்சோட முடிஞ்ச வருஷம் நஷ்டம் சுமார் 67,100 கோடி யென், 2025 மார்ச்லயும் கிட்டத்தட்ட அதே தான். 20,000 பேர் வேலை போகும்னு அறிவிப்பு, ஒரகடம் பிளான்ட்ல இருந்த பங்கும் கூட்டாளி ரெனால்ட்டுக்கேன்னு முடிவாயிடுச்சு. அத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்த வினை லேசுல தீராது போல.

நம்ம ஊர்ல சேர்மனும் எம்டியும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு பெரிய கம்பெனிங்களுக்கு பங்குச் சந்தைய கண்காணிக்கற செபி ரூல் கொண்டு வந்துட்டு, 2022 பிப்ரவரில இஷ்டம் இருந்தா பண்ணுங்கன்னு மாத்திட்டாங்க. அதப் பத்தி நீங்க எழுதுங்களேன்.

எங்கிட்ட ஒரு ஆட்டோ கம்பெனி ஷேர் 40 இருக்கு. போன வருஷ ஆண்டறிக்கைல அட்டெண்டன்ஸ் டேபிள பாத்தா, 6 மீட்டிங்ல ரெண்டுக்கு மட்டும் வந்த ஒருத்தர மறுபடியும் டைரக்டரா போடறாங்க. இ-வோட்டிங்ல 'எதிர்ப்பு' கிளிக் பண்ணேன். 98 சதவீதத்துல பாஸாயிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பத்தூர்