இலவசமாகக் கொடுத்தால் உரிமை போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம் மோட்கள், அதாவது ஒரு கணினி விளையாட்டில் ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1999-ல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டுக்கு இருவர் செய்த மோட்தான் 'கவுன்டர் ஸ்ட்ரைக்', மறு ஆண்டே 'ஹாஃப் லைஃப்' செய்த வால்வ் நிறுவனம் அதைத் தன் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷமான கதைதான். அந்த அதிர்ஷ்டம் வாய்க்காத மோட்கள் என்ன ஆகின்றன என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு விளையாட்டின் பாத்திரங்களுக்குக் குளிர்கால உடைகள் செய்து கொடுத்தேன். ஏழு மாத இரவுகள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது, வேறு இடத்தில் ஏற்றுவதென்றால் என்னைக் கேட்க வேண்டும். நான் வைத்த நிபந்தனை அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பையன் செய்தி அனுப்பினான்: "அண்ணா, உங்க மோட் போட்டதும் நான் ஆடிச் சேமிச்சு வச்ச சேவ் ஃபைல் போச்சு. அறுபது மணி நேரம் ஆடியது." அந்தப் பிழையை நான் சரிசெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. விசாரித்தால், அவன் வேறொரு தளத்தில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். போய்ப் பார்த்தேன். பெயர் வேறு, படங்கள் என்னுடையவை. முதல் பதிப்பில் ஒரு மேலங்கியின் இடது தோளில் தையலைக் கோணலாக வரைந்துவிட்டேன். அந்தக் கோணலும் அப்படியே இருந்தது.

புகார் செய்தேன். முதலில் வந்தது தானியங்கிப் பதில். மூன்று வாரம் கழித்து ஆதாரம் கேட்டார்கள். நான் வரைந்த மூலக் கோப்புகளை, படத்தின் அடுக்குகள் (லேயர்கள்) தனித்தனியாகத் தெரியும்படி அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை. அது இன்றும் அங்கே விற்கிறது, திட்டு எனக்கு வருகிறது.

மோட் என்பது அடுத்தவர் விளையாட்டின் மேல் நிற்கும் வேலை என்பதால், செய்தவருக்கு அதில் உரிமையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் புதிதாக வரைந்ததும் எழுதியதும் அவருடைய படைப்புதான். ஆனால் சட்டம் இறங்கி வருவது பெரும்பாலும் நிறுவனங்களுக்காகத்தான். 'டியூக் நியூகெம் 3டி' ஆட்டக்காரர்கள் செய்த 300 லெவல்களை ஒரு நிறுவனம் திரட்டி சிடியில் விற்றது. 1998-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தவறு என்றது. வழக்கில் வென்றது விளையாட்டை வெளியிட்ட நிறுவனம். அந்த லெவல்களைச் செய்தவர்கள் வழக்கிலேயே இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி திருட்டு நகலை நீக்கச் சொல்லலாம். அதற்கு நம் பெயரையும் தொடர்பு விவரங்களையும் கொடுக்க வேண்டும். புனைபெயரில் இயங்குபவர்களுக்கு இதுவே பயம். எதிராளி மறுப்பு அனுப்பிவிட்டால், நாம் வழக்குப் போடாதவரை 14 வேலை நாட்களுக்குள் நகல் திரும்ப ஏறிவிடும். இலவச மோட்டுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்?

இதனால் எனக்கு நேர்ந்த நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நான் இந்த வேலையைப் படித்தது பிறருடைய மோட்களைப் பிரித்துப் பார்த்துத்தான். முகம் தெரியாத ஒருவர் தன் மூலக் கோப்புகளைத் திறந்து வைத்திருந்தார். துணியின் மடிப்பு வரைய அதில்தான் கற்றுக்கொண்டேன். என் கடைசி மோட்டில் மூலக் கோப்புகளை நான் சேர்க்கவில்லை. மனசு கேட்கவில்லை, ஆனாலும் சேர்க்கவில்லை. என் நண்பர் ஒருவர் தன்னுடைய எல்லா மோட்களையும் நீக்கிவிட்டு ஒதுங்கிவிட்டார்.

நிறுவனங்கள் மனசு வைத்தால் நிறைய மாறும். முழுக்க நாமே உருவாக்கிய மோட் நமக்கே சொந்தம் என்று மைன்கிராஃப்ட் விளையாட்டு தன் விதிகளில் எழுதியே வைத்திருக்கிறது. மற்றவர்களும் அப்படி எழுதலாம். தளம் நடத்துபவர்கள் எங்கள் புகார்களைப் படிக்க ஓர் ஆளையாவது நியமிக்கலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு மோட்டைப் பற்றி எழுதினால், அதைச் செய்தவரின் பெயரையும் அவரே அதை வெளியிட்ட பக்கத்தின் முகவரியையும் சேர்த்து அச்சிடுங்கள். வாசகர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மோட் செய்யும் ஒரு வாசகர்