கை முந்தாமல் இருக்க

குலசேகரம்,
செப்டம்பர் 9

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உன் மோன் ஒரே பேஸ்பால் மேட்சில் மூன்று தடவை, பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டே ஸ்ட்ரைக் அவுட் ஆகி, ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான் என்று வாசித்ததிலிருந்து எனக்கும் மனசு கிடந்து அடிக்கிறது. மூன்றுமே கர்வ் பந்து என்கிறாய். வேகப் பந்தை நன்றாக அடிக்கிறவன் கர்வில் தடுமாறுகிறான் என்றால் பேட் வீச்சைப் போட்டு மாற்றாதே. அவனுக்குக் கை முந்துகிறது, அவ்வளவுதான்.

இங்கே என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கும் இதேதான். எல்லோரும் கிரிக்கெட்டில் இருந்து வந்தவர்கள். அங்கே பந்து குத்தி எழும்புவதைப் பார்த்து, காலும் கையும் உடம்பும் சேர்ந்தே முன்னால் போகும். பேஸ்பாலில் பந்து குத்துவதே இல்லை. பந்து எறிகிற பிட்சருக்கும், அடிக்கிறவன் நிற்கிற ப்ளேட்டுக்கும் நடுவே 18.44 மீட்டர். 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் 0.4 நொடியில் வந்துவிடும். பள்ளிப் பையன்களின் பந்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, ஆனால் யோசித்து முடிக்க அதுவும் போதாது. வேகப் பந்து பின்பக்கமாகச் சுழல்வதால் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கும். கர்வ் முன்பக்கமாகச் சுழலும், காற்றே அதைக் கீழே அமுக்கும். நெஞ்சுக்கு நேராகக் கிளம்பியது முட்டியில் வந்து நிற்கும். சேஞ்சப் என்கிற மெதுவான பந்து அதைவிட ஏமாற்று. கை அதே வேகத்தில்தான் சுற்றும், பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்திருப்பதால் 15 கிலோமீட்டர் போலக் குறைந்து வரும். இரண்டிலும் பையன் முதலிலேயே பாய்ந்துவிடுகிறான். பந்து வந்து சேரும்போது வீச அவனிடம் கை மட்டும்தான் மிச்சம், இடுப்பில் இருந்த பலம் போயே போச்சு.

அதனால் அவனிடம் ஒன்றே ஒன்று சொல்லு: கால் போகலாம், கை போகக் கூடாது. முன்கால் அரை அடி மெதுவாக எட்டி வைக்கட்டும். கை இரண்டும் பின்தோளின் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

சொல்வது எளிது, உடம்பில் ஏற்றுவதுதான் பாடு. அதற்கு எனக்கு வழி காட்டியது பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். இப்போது தோட்டத்தில் ரப்பர் காய் வெடிக்கிற காலம் இல்லையா? வெயில் ஏறினால் பட் பட்டென்று சத்தம், கீழே எங்கு பார்த்தாலும் கொட்டை. பெருவிரல் தடிமனில் மூங்கில் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, தம்பியை எறியச் சொல்லி அதை அடித்துக்கொண்டிருந்தான். நானும் கம்பை வாங்கி அடித்துப் பார்த்தேன். ரப்பர் கொட்டைக்கு ஒரு பக்கம் கொஞ்சம் சப்பை, கனமும் கிடையாது. அதனால் ஒன்று போல ஒன்று வராது. ஒன்று பாதி வழியில் நழுவும், ஒன்று மிதந்து நிற்கும். முந்தி வீசினால் காற்றுதான். கை தானாகவே காத்திருக்கப் பழகிவிடுகிறது. முதல் நாள் பாதிச் சாக்கு கொட்டை கம்பில் படாமலே போயிற்று. மூன்று வாரம் கழித்துப் பந்தை எடுத்தால், பிள்ளைகளுக்கு அது தேங்காய் அளவுக்குத் தெரிகிறது! அடிபட்ட கொட்டை எறிகிறவனின் கண்ணைத் தாக்காமல் இருக்கக் குளச்சலில் இருந்து பழைய வலை வாங்கி முன்னால் கட்டியிருக்கிறேன். அதை மட்டும் மறந்துவிடாதே.

அப்புறம், வெளிப்பக்கம் போகிற கர்வை இழுத்து அடிக்க வேண்டாம். மோன் வலதுகைக்காரன், பந்து போகிற போக்கிலேயே வலதுபக்கம் தள்ளி அடிக்கட்டும். அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின் இடதுகைக்காரர். அவருக்கு எதிர்ப்பக்கமான இடதுபக்கத்தில், மூன்றாம் பேஸ்காரனுக்கும் அவனுக்கு அடுத்து நிற்கிற ஷார்ட் ஸ்டாப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தட்டித் தட்டியே பேர் வாங்கினார். 20 சீசனில் மொத்தமே 434 ஸ்ட்ரைக் அவுட். அவரைவிடத் தூரமாக அடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் என் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது இவரைத்தான். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து, இன்னொன்று விழுந்தால் அவுட் என்று ஆகிவிட்டால் பேட்டை ஓரங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்லு. பக்கவாட்டில் நழுவுகிற ஸ்லைடர் பந்தை, தையலின் சிவப்புப் புள்ளி பார்த்துக் கண்டுபிடிக்கிற வித்தையெல்லாம் இந்த வயதில் வேண்டாம்.

நாம் ஆடிய காலத்தில் "பந்தைப் பாரு, பந்தைப் பாரு" என்று கத்துவார்கள். பார்க்கத்தான் செய்தோம். எவ்வளவு நேரம் பொறுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மோனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது மக்கா.

இங்கே எல்லோரும் சுகம். திற்பரப்பு அருவியில் தண்ணீர் நிறைய விழுகிறது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காலாண்டு லீவுக்கு மோனைக் கூட்டிக்கொண்டு வா. ஒரு சாக்கு கொட்டை பொறுக்கி, நனையாமல் கட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்