ஒரு விரலுக்கு 20,000 ரூபாயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டறை விபத்துச் செய்திகள் பலவும் ‘நிர்வாகம் உதவித்தொகை வழங்கியது’ என்றுதான் முடிகின்றன. அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. சட்டப்படி அது இழப்பீடு, யாரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை.

கோவை கணபதியில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் (தகடு அழுத்தி வெட்டும் எந்திரம்) ஓட்டிய என் தம்பிக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால், 30 வயதில், வலது ஆட்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. ஓனர் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார், கையில் 20,000 ரூபாய் கொடுத்தார், ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன் என்று நாங்களும் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் கண் திறந்தது. அப்போது நடப்பில் இருந்த (2025 நவம்பர் வரை) 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. மாதச் சம்பளம் 15,000, அதில் 60 சதவீதம் 9,000. அதை 30 வயதுக்கு என்று அந்தச் சட்டம் குறித்திருந்த 207.98 என்ற எண்ணால் பெருக்கி, வருவதில் 14 சதவீதம் எடுத்தால் 2,62,000 ரூபாய்க்கு மேல். எங்களுக்குக் கிடைத்ததோ 20,000! விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி வேறு என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு தனி, அதை இதில் கழிக்க முடியாது.

எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பயந்தோம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் செல்லாது என்று அதே சட்டம் சொன்னது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டியிருந்தது, அதற்குள் எப்படியோ போட்டுவிட்டோம். மனுவை யாரிடம் போடுவது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

சம்பளத்துக்குச் சீட்டு கிடையாது. நல்லவேளை, ஓனர் மாசாமாசம் ஜீபேயில் போட்டிருந்ததால் அதைக் காட்டினோம். எங்களைப் படாத பாடு படுத்தியது ஏ.ஆர். காப்பிதான் (காயம் எப்படிப் பட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்). ‘வண்டியில் இருந்து விழுந்தேன்னு சொல்லு, போலீஸ் கேஸ் ஆகாது’ என்று சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டுத் தம்பியும் வலியில் அப்படியே சொல்லிவிட்டான். அந்த ஒரு வரியை மாற்றிக் காட்ட, கூட வேலை பார்த்த இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், தயவுசெய்து டாக்டரிடம் ‘பிரஸ்ஸில் கை மாட்டியது’ என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, சம்பளம் 21,000க்குள் என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கும். அப்போது கேட்க வேண்டிய இடம் அதுதான். வேலையில் பட்ட காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும், ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தருவார்கள்.

எந்த விரலுக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியலை உங்கள் பத்திரிகையில் ஒரு நாள் முழுசாகத் தமிழில் போடுங்கள் ஐயா. வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்க ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோவை.