ஆனி வரை அந்தக் கரையை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாகூரில் இருக்கிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று 4 வருடம் ஆகிறது. சர்க்கரை இருப்பதால் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அப்படித்தான் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது பறவைகளைப் பார்க்கவே போகிறேன். மண்கரையில் துளை போட்டுக் குஞ்சு பொரிக்கும் பஞ்சுருட்டான் என்ற பறவைக்காகத்தான் இந்தக் கடிதம். காலை 6 மணிக்குக் கரையில் இருப்பேன்.

புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி எங்கள் பாகூர் ஏரிதான். மாசியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் கூட்டமாக நின்று நத்தை பொறுக்கும். எங்கள் தெரு மின்கம்பியில் மழைக்காலம் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலான் குருவிகள் பங்குனி போவதற்குள் ஒன்றுகூட இல்லாமல் வடக்கே போய்விடும். அவை போகும் நேரம் புங்கமரம் பூத்துக் கரை முழுக்கப் பொரி இறைத்தது போலக் கிடக்கும். வேப்பமரத்தில் குயில் விடாமல் கத்தும். கத்துகிற கறுப்புக் குயில் ஆண். உடம்பெல்லாம் புள்ளியாக, இலைக்குள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து காக்கைக் கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பது பெண். இதெல்லாம் 60 வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான் எழுத வந்தது பஞ்சுருட்டான் பற்றி. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். இலைப்பச்சை நிறம், கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியது போல ஒரு கோடு, வாலின் நடுவில் ஊசி மாதிரி இரண்டு இறகு. பறக்கும்போதே தேனீயையும் தும்பியையும் பிடிக்கும். பிடித்ததைக் கம்பியில் நாலு அடி அடித்துவிட்டுத்தான் விழுங்கும். இது மரத்தில் கூடு கட்டாது. செங்குத்தான மண்கரையில் அலகால் குத்தி, காலால் மண்ணைப் பின்னால் தள்ளித் துளை போடும். சில துளைகள் நாலைந்து அடி நீளம்கூடப் போகும். உள்ளே பஞ்சும் கிடையாது, புல்லும் கிடையாது. வெறும் மண்ணில்தான் முட்டை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், அதன் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. அந்த வெள்ளம் வயலுக்குப் போகும் ஒரு சின்ன வாய்க்காலின் கரையைச் சுவர் மாதிரி நேராக அறுத்துவிட்டது. எங்களுக்கு அது சேதம். பஞ்சுருட்டானுக்கோ புது வீட்டுமனை. பங்குனி முதல் வாரத்தில் அந்த இடத்தில் 3 துளை பார்த்தேன். மாதக் கடைசியில் 9 ஆகிவிட்டது. சித்திரை பிறந்து பத்து நாளில் தாயும் தகப்பனும் மாறி மாறிப் பூச்சியோடு உள்ளே போய் வெறும் அலகோடு வெளியே வந்தன. குஞ்சு பொரித்துவிட்டது என்று புரிந்தது. அன்று நடையை மறந்து ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பொக்லைன் வந்தது. வாய்க்காலைத் தூர்வாரி, கரையைச் சரிவாகச் சீவுகிற வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. ஓட்டிய பையனிடம், "தம்பி, அந்தத் துளை இருக்கிற இடத்தை மட்டும் விட்டுடுப்பா, உள்ளே குஞ்சு இருக்கு" என்றேன். "எனக்குத் தெரியாதும்மா, சொன்ன இடத்துல வெட்டுறேன்" என்றவன், இறங்கி வந்து பார்த்தான். பார்த்ததும் கடைசி இரண்டு துளை இருந்த இடத்தைத் தாண்டிப் போய் வேலையைத் தொடர்ந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்ற 7 துளையும் மண்ணோடு போய்விட்டன. வாயில் தும்பியோடு ஒரு பறவை அந்தப் புது மண்மேல் வந்து வந்து பார்த்தது. மறுநாளும் வந்தது.

தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று வெள்ளத்தில் பார்த்தவள் நான். ஆனால் எங்களுக்குப் பெருமழை ஐப்பசியில்தான். ஏரியின் உள்பக்கம், மதகு, செடி மண்டிய இடம் என்று முதலில் செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. துளை உள்ள கரையை மட்டும் ஆனி முடிந்த பிறகு எடுத்தால் போதும். முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு வெளியே வர மூன்று நான்கு வாரம். அவ்வளவு நாள்தான் கேட்கிறேன்.

ஆக்காட்டிப் பறவைக்கும் இதே கதைதான். அது சரளைத் தரையில், கல்லோடு கல்லாக 4 முட்டை வைக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரையில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர், முட்டை இருந்த இடத்தைச் சுற்றி நாலு கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்த முட்டைகள் அத்தனையும் பொரித்தன. அப்புறம், பாம்புக்குப் பயந்து காய்ந்த கோரைக்குத் தீ வைப்பவர்கள், வைப்பதற்கு முன் ஒரு தடவை உள்ளே நடந்து பார்த்தால் நல்லது. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்கு உத்தரவு போடுகிறவர்கள், வேலை தொடங்கும் முந்தின நாள் கரையில் தினமும் நடமாடுகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். ஆடு மேய்ப்பவர்கள், வலை போடுபவர்கள், என்னைப் போல நடக்க வருபவர்கள் என்று கரையில் எப்போதும் ஆள் உண்டு. எந்த இடத்தில் துளை, எந்த இடத்தில் முட்டை என்று காட்டுகிறோம். அடையாளம் வைக்கக் குச்சியும் சிவப்புத் துணியும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாகூர், புதுச்சேரி.