கழுத்தளவு எழுதி அனுப்பு

மதுரை,
கார்த்திகை 10

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கடை புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதிலிருந்து வியாபாரம் முன்போல் இல்லை என்று சொல்லிச் சொல்லி உனக்கே சலித்திருக்கும், அதை விடுகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்டாள். போனில் உன் குரல் வருகிறது, முகம் வருவதில்லை. ஆறு மாதமாகக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். காமிரா கெட்டுப்போயிருந்தால் வேறு வாங்கிக்கொள். நெட் சரியில்லை என்று போன வாரம் சொன்னாய். டொரண்டோவில் நெட் சரியில்லை என்றால் எங்கேதான் சரியாக இருக்கும்? சரி, அதை அப்புறம் பேசுவோம். வேளைக்குச் சாப்பிடு.

தீபாவளி லீவுக்கு அக்காவின் பெரியவன் வந்து பத்து நாள் இருந்தான். ராத்திரியில் லேப்டாப்பில் ஃபால்அவுட் 76 விளையாடுவான். நீயும் அவனும் சேர்ந்துதான் விளையாடுகிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். குண்டு விழுந்து இருபத்தைந்து வருடம் கழித்து, 2102-இல், மேற்கு வர்ஜீனியாவில் நடக்கிற கதை என்று சொன்னான். விளையாட்டில் உன் ஆளாக வருகிற உருவத்தையும் அவன்தான் காட்டினான். மூக்கு இல்லை, தோல் வெந்து உரிந்திருக்கிறது. "இதுதான் மாமா" என்றான்.

எனக்குத் திக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. இது என்ன என்று கேட்டேன். கூல் (ghoul) என்றான். பேயா என்றேன். இல்லை தாத்தா, கதிரியக்கம் பட்டும் சாகாமல் பிழைத்துக்கொண்ட மனிதர்கள் என்றான். முதல் ஃபால்அவுட் 1997-இல் வந்ததிலிருந்தே கூல்கள் உண்டாம், ஆனால் 2025 மார்ச்சில்தான் இந்த விளையாட்டில் நாமே கூலாக மாற விட்டார்களாம். ஐம்பதாவது லெவலுக்கு மேல்தான் முடியும் என்றான். அது வந்த அன்றைக்கே மாமா மாறிவிட்டார், திரும்ப மனிதனாக வழி இருந்தும் மாறவில்லை என்றான்.

தம்பி, வேஷம் கட்டுவது எனக்குப் புதிதில்லை. நாற்பது வருடமாகச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்காக வேஷம் கட்டுகிறவர்களுக்குத் தைக்கிறேன். சல்லடமும் உருமாலும் வாங்க வருகிறவர் கடையில் ஆட்டோ ஓட்டுகிறவராகவோ மில் வேலைக்காரராகவோதான் நிற்பார். தண்ணீர் பீய்ச்சுகிற தோல் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வைகை ஆற்றில் இறங்கிவிட்டால் நானே அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். எல்லாரும் ஏதோ ஒன்றை நேர்ந்துகொண்டுதான் கட்டுகிறார்கள். நீ எதை நேர்ந்துகொண்டு அந்த முகத்தைக் கட்டினாய் என்றுதான் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. நீ காலேஜில் இருந்தபோது நியூ வேகாஸ் என்று இதே வரிசையில் ஒன்று விளையாடுவாய். 2011 இருக்கும். அதில் ஒரு ராக்கெட் கட்டிடம். கூல்கள் எல்லாரும் ராக்கெட்டில் ஏறி வேறு இடத்துக்குப் போகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் ஹேவர்சாம் என்று ஒருவன். அவன் கூலே கிடையாது, நல்ல மனிதன். அணு உலைப் பக்கம் வேலை பார்த்தபோது முடி கொட்டியதும் தானும் கூலாகிவிட்டதாக நம்பி அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். அவனிடம் நீ மனிதன்தானடா என்று எடுத்துச் சொல்லவும் செய்யலாம். அந்த இடத்தில் நீ விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, இவனப் பாருங்க" என்றாய். நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் படி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். என்னிடம் எதையோ சொல்ல வந்தாய் என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் உறைக்கிறது.

பெரியவன் சொன்னதில் இரண்டு விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை. கூலுக்குப் பசி, தாகம் கிடையாதாம். அதற்குப் பதில் ஓர் அளவுகோல் இருக்கிறது, நேரம் போகப் போக அது இறங்கும், அடியோடு இறங்கிவிட்டால் புத்தி மங்கி வெறியேறும், மருந்து போட்டு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து நீ தனியாக அந்தக் குளிரில் இருப்பதே கண்ணில் நிற்கிறது. விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு, எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா? வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேரோடு உட்கார்ந்து பேசுகிறாயா? உன்னோடு படித்தவர்களில் அக்கா பிள்ளைகளின் படிப்புச் செலவை உன்னைப்போல் ஏற்றுக்கொண்டவன் யார்? கடை மாறியபோது அட்வான்ஸும் நீதான் அனுப்பினாய். இதையெல்லாம் சத்திரத்தில் பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லாத நாளில்லை. ஆனால் மூன்று சித்திரையாக ஊருக்கு வரவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதும் பணம்தான் வந்தது. காமிராவைச் சரிசெய் தம்பி.

இரண்டாவது விஷயம், சில கூட்டத்தார் கூலோடு பேசமாட்டார்களாம். மாறுவேஷம் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு போனால்தான் அவர்களிடம் எதையும் வாங்க முடியும். அதைக் கேட்டதும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

உனக்கு ஐந்து வயதில் தேனூர் மண்டபத்தில் தோளில் ஏற்றி அழகரைக் காட்டினேன். மீனாட்சி கல்யாணத்துக்கு வருகிறார் என்று ஊரெல்லாம் சொன்னாலும், அவர் மலையிலிருந்து இறங்கி வருவது மண்டூக முனிவருக்காக என்று உனக்குக் கதை சொன்னேன். துர்வாசர் சாபத்தில் தவளையாகிப் போனவருக்கு மோட்சம் கொடுக்க. "ஒரு தவளைக்காகவா சாமி இவ்ளோ தூரம் வருது?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அப்படிச் சொன்ன நானே பிறகு என்ன செய்தேன்?

பத்தாம் வகுப்பில் உன் கழுத்தில் முதல் வெண்புள்ளி வந்தது. அப்பத்தா, மீன் சாப்பிட்ட அன்று பால் கொடுத்தாள் என்று உன் அம்மாவைப் பேசாத பேச்சில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கார்போகரிசி எண்ணெய் தடவி உன்னைக் காலை வெயிலில் நிற்கவைத்தேன். தொட்டால் ஒட்டாது, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். சொன்ன பிறகும் உன் சட்டைக்கெல்லாம் காலர் ஸ்டாண்டை அரை இஞ்ச் கூட்டித் தைத்தேன். நீ எதுவும் கேட்டதில்லை. தெரியாமல் இருந்திருக்காது, தையல்காரன் பிள்ளை.

அக்கா கல்யாணத்தன்று விடியற்காலையில் கடையிலிருந்து வேஷத்துக்கு வைத்திருந்த கலரைக் கொண்டுவந்து உன் கழுத்திலும் உதட்டோரத்திலும் நான்தான் பூசினேன். மண்டப வேக்காட்டில் வேர்த்து அது காலரில் வழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்கு நின்ற நேரத்தில் உன்னைப் பந்தியைக் கவனிக்கப் போ என்றேன். பந்தியைக் கவனிக்க நாலு பேர் இருந்தார்கள். நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாய். ஆல்பத்தில் நீ இல்லாததற்கு, அவன் வேலையாக இருந்தான் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அம்மாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப் போகிறேன்.

புள்ளி இப்போது முகத்துக்கும் வந்திருக்கிறது என்று பெரியவன் சொன்னான். அவன்மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வரட்டும். நாங்கள் உன்னைப் பார்க்க வேண்டும், தம்பி. உன் கூலைப் பத்து ராத்திரி பார்த்தேன், முதல் நாள் திக்கென்றது, மூன்றாம் நாள் பழகிவிட்டது, கடைசி நாள் அது எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

சித்திரைக்கு வா. உனக்காக வெள்ளைக் காட்டன் எடுத்து வைத்திருக்கிறேன். காலரே இல்லாமல், அரைக்கை வைத்துத் தைக்கப் போகிறேன். அளவு நோட்டில் உன் கழுத்து பதினான்கரை என்று இருக்கிறது, அது காலேஜ் அளவு. கழுத்தும் தோளும் அளந்து எழுதி அனுப்பு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் டேப்பைப் பிடித்துக் காட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா